எஞ்சினை மாற்றிக் கட்டும் ஸ்காபரோப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நவம்பர் பிறந்துவிட்டால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் உங்களுக்குள்ளே ஒரே பேச்சு: இந்த வின்டருக்கு என்ன ஒயில் விடுவது? சுபாரு எஸ்டிஐ வைத்திருப்பவர் ஒன்று சொல்கிறார். டர்போ சிவிக் வைத்திருப்பவர் இன்னொன்று சொல்கிறார். வீட்டில் அப்பா, "நல்ல கட்டியான ஒயிலாய்ப் பார்த்து விடு, எஞ்சின் கனகாலம் கிடக்கும்" என்கிறார். ஒயில் மாற்ற என் கராஜுக்கு வரும்போதும் இதைத்தான் கேட்கிறீர்கள். காரைத் தூக்கி இறக்குகிற அந்தச் சிறு நேரத்தில் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. பகுதிநேர வேலை செய்து, கடன் பட்டு, கைப்பட நட்டு முறுக்கிக் கட்டிய எஞ்சின் பெப்ரவரியில் பெயரிங் உருகி இழுவை வண்டியில் வந்து இறங்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. அதனால் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் போத்தலில் உள்ள எண்களைச் சரியாகப் படிப்போம். 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் வருவது குளிரில் அந்த ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. பின்னால் வருவது 100 பாகை சூட்டில் அதன் தடிப்பைச் சொல்கிறது. கராஜில் பேசுவது போலவே இனி 5-30, 0-40 என்றே எழுதுகிறேன். முன்னெண், பின்னெண் என்று பிரித்தும் சொல்கிறேன். இவை கம்பனிக்காரர் தம் விருப்பத்துக்குப் போடுகிற எண்கள் அல்ல. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே300 என்ற தர அளவு இவற்றை வரையறுக்கிறது.

முன்னெண்ணுக்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஸ்டார்ட்டர் கிராங்கைச் சுற்றும் அளவுக்கு ஒயில் இளகி இருக்கிறதா என்பது ஒன்று. ஒயில் பம்ப் அதை உறிஞ்சி மேலே அனுப்ப முடிகிறதா என்பது மற்றது. முன்னெண் 20 என்றால் முதற் பரிசோதனை மைனஸ் 15 பாகையில், இரண்டாவது மைனஸ் 20இல். முன்னெண் 10 என்றால் மைனஸ் 25இலும் மைனஸ் 30இலும். 5க்கு மைனஸ் 30, மைனஸ் 35. பூச்சியத்துக்கு மைனஸ் 35, மைனஸ் 40. அதற்குக் கீழே போனால் அந்த ஒயிலுக்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை.

இரண்டாவது பரிசோதனையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டால் கார் எழும்பாது, அவ்வளவுதான். பஸ் பிடித்து வேலைக்குப் போகலாம். கார் ஸ்டார்ட் ஆகி, பம்ப் ஒயிலை இழுக்க முடியாமல் போனால் எஞ்சினே போய்விடும். 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் அதுதான் நடந்தது. கார்கள் ஸ்டார்ட் ஆயின. ஆனால் ஒயில் மேலே ஏறாமல் எஞ்சின்கள் பழுதாகின. சம்பில் ஒயில் போதிய அளவு இருந்தது. ஆறுதலாகக் குளிர்ந்த ஒயிலுக்குள் மெழுகு பின்னல் போலக் கட்டிவிட்டிருந்தது. ஜனவரியில் நம் சமையலறைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் கரண்டியால் ஒரு குழி தோண்டினால் அந்தக் குழி அப்படியே நிற்கும் அல்லவா? பம்பின் வாயிலும் அதே கதைதான். அருகில் இருந்த ஒயிலை அது உறிஞ்சியது, சுற்றியிருந்தது ஓடிவந்து இடத்தை நிரப்பவில்லை, பம்ப் காற்றை இழுத்தது. அன்றைக்கு இருந்த பரிசோதனைகளில் தேறிய ஒயில்தான் அது. ஒயிலை மெதுமெதுவாகக் குளிரவைத்துப் பார்க்கும் பரிசோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்பாமார் சொல்வதை இந்த இடத்தில் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் கார் பழகியது யாழ்ப்பாணத்தில், கொழும்பில். 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதான யாழ்ப்பாணத்தில், தேய்ந்த பழைய எஞ்சினுக்கு 20-50 விட்டது முழுக்கச் சரி. அதே 20-50ஐ ரொறன்ரோவின் மைனஸ் 20 இரவில் வெளியில் நிறுத்திய காரில் வைத்திருப்பது எஞ்சினோடு சூதாடுவது. இதைப் பக்குவமாக அவருக்குச் சொல்லுங்கள். குறைந்த எண்ணைக் கண்டதும் "தண்ணி ஒயில்" என்று அவர் பயப்படுவார். மைனஸ் 20இல் 0-40கூடச் சூடான நிலையில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடிப்பானது என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்.

நம் ஊரில் எவ்வளவு குளிர்கிறது? ரொறன்ரோவில் சாதாரண ஜனவரி இரவு மைனஸ் 7 பாகை அளவில் நிற்கும். கடுங்குளிர் அலை வந்தால் மைனஸ் 20ஐத் தொடும். இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1859 ஜனவரி 10ஆம் திகதியின் மைனஸ் 32.8. வானிலை அறிக்கையில் "காற்றோடு சேர்த்து மைனஸ் 28" என்று கேட்டுவிட்டுப் பதறி எனக்கு எடுக்கிறீர்கள். அந்தக் கணக்கு மனிதத் தோலுக்கானது. காற்று வீசினால் எஞ்சின் விரைவாகக் குளிரும். வெளிக்காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் போகாது. ஆகவே ரொறன்ரோவிலேயே ஓடும் காருக்கு முன்னெண் 5 போதும். சட்பரியிலும் ஒட்டாவாவிலும் படிக்கிற பிள்ளைகள், வினிபெக் பக்கம் வேலைக்குப் போனவர்கள் பூச்சியத்துக்கு மேலே போக வேண்டாம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: பாவித்துப் பழசான ஒயில் குளிரில் ஒரு படி இறங்கிவிடக்கூடும். தரவிதிகளே அதற்கு இடம் கொடுக்கின்றன. அதனால் ஒரு படி கூடுதலாகப் பாதுகாப்பு வைத்துக்கொள்வது புத்தி.

முன்னெண் இவ்வளவுதான். பின்னெண்ணில்தான் மாற்றிக் கட்டிய எஞ்சின் மற்ற எஞ்சின்களிலிருந்து வேறுபடுகிறது.

கிராங்குக்கும் பெயரிங்குக்கும் நடுவில் உள்ள கிளியரன்ஸ்தான் பின்னெண்ணைத் தீர்மானிக்கிறது. எஞ்சின் கட்டுகிறவர்கள் பழங்காலந்தொட்டு வைத்திருக்கும் கணக்கு, கிராங்க் தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 மில்லிமீற்றர் தண்டுக்கு 0.06 மில்லிமீற்றர். கூடிய சக்திக்காகக் கட்டுகிறவர்கள் அதைவிடச் சற்றுத் தளர்வாக விடுவார்கள். தளர்ந்த கிளியரன்ஸுக்குத் தடிப்பான ஒயில் வேண்டும். இறுக்கமானதற்கு மெல்லிய ஒயில் போதும். எனவே "என் கார் மொடிஃபை பண்ணியது, எனக்கு 50தான் சரி" என்று சொல்லும் முன், எதை மாற்றினீர்கள் என்று பாருங்கள். இன்டேக், டவுன்பைப், டியூன் மட்டும் என்றால் எஞ்சினின் கீழ்ப்பாதி தொழிற்சாலையில் கட்டியபடியே இருக்கிறது. கிளியரன்ஸ் ஒரு மயிரிழையும் மாறவில்லை. கூடியது சுமையும் சூடும்தான். அதற்கு 150 பாகையில் வேகமாக வெட்டுண்ணும்போது ஒயில் எவ்வளவு தடிப்பைக் காக்கிறது என்ற அளவைப் பார்க்க வேண்டும். சாதாரண 30க்கு அது குறைந்தது 2.9. 0-40க்கும் 5-40க்கும் 3.5. ஐரோப்பியத் தரமான ஏ3/பி4 அல்லது சி3 எழுதிய 5-30 ஒயில்களும் அந்த 3.5ஐத் தரவேண்டும். அந்தத் தரத்தின் பெயர் போத்தலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்து மின்னல் படங்களை விட்டு அதைப் படியுங்கள்.

இனிச் சொல்லப்போவதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். கோடையில் மோஸ்போர்ட்டிலோ கயூகாவிலோ ட்ராக்கில் ஓடும்போது ஒயில் 130 பாகைவரை ஏறுகிறது. அந்தச் சூட்டுக்காகத்தான் 50 விட்டீர்கள், நியாயம். ஜனவரியில் அதே காரில் 401ஆம் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருகிறீர்கள். ஒயில் 85, 90 பாகையைத் தாண்டுவதில்லை. 90 பாகையில் ஓடும் 30 ஒயில், 130 பாகையில் ஓடும் 50 ஒயிலைவிடத் தடிப்பானது. அதாவது கோடையில் 50 கொடுத்த பாதுகாப்பைவிடக் கூடுதலாகவே குளிர்காலத்தில் 30 உங்கள் பெயரிங்குக்குக் கொடுக்கிறது. 50ஐ விட்டுவைத்தால் கிடைப்பது ஸ்டார்ட் ஆனதும் மேலே ஏறத் தாமதிக்கும் ஒயிலும், காலை முழுக்கத் திறந்தே கிடக்கும் ரிலீஃப் வால்வும்தான். பில்டரின் பைபாஸ் வால்வும் அப்போது திறந்துகொள்ளும், வடிகட்டாத ஒயில் பெயரிங்குக்குப் போகும். மானியில் 100 பிஎஸ்ஐ காட்டுகிறது என்று மகிழாதீர்கள். அழுத்தம் கூடுவது ஒயில் ஓடாமல் முட்டுவதாலும் ஆகலாம். மானியை நம்ப வேண்டியது ஒயில் சூடான பிறகு. ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கு அப்போதுதான் செல்லும்.

இனி ஒயிலைவிடப் பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். குளிர்காலத்தில் மாற்றிக் கட்டிய எஞ்சின்களைக் கொல்வது பெரும்பாலும் போத்தலில் இருந்து வந்த ஒயிலின் குறை அல்ல. அந்த ஒயிலுக்குள் வந்து சேரும் பெற்றோல்.

குளிர்ந்த எஞ்சின் எழும்ப வேண்டுமானால் கணினி கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கும். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங்கைத் தாண்டிச் சம்புக்கு வடியும். எல்லாக் கார்களிலும் இது உண்டு. உங்கள் கார்களில் இது ஏன் கூடுகிறது? நீங்கள் பெரிய இன்ஜெக்டர் போட்டிருக்கிறீர்கள். டியூன் செய்தது ஜூலையில், டைனோ அறையில், 28 பாகையில். மைனஸ் 15இல் ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை அந்த டியூன் ஒருபோதும் பார்த்ததில்லை. பல டியூன்களில் அந்த அட்டவணை வெறும் ஊகம். அடுத்தது பிஸ்டன். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்களில் 2618 என்ற உலோகக் கலவையில் சிலிக்கன் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதற்காகச் சிலிண்டரில் கூடுதல் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். குளிரில் அந்தப் பிஸ்டன் சுருங்கி டக் டக் என்று அடிக்கும், பெற்றோலும் புகையும் கீழே இறங்கும். 4032 கலவையில் சிலிக்கன் 12 விழுக்காடு அளவில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. வின்டரிலும் ஓட்டப்போகிற கார் என்றால் கட்டும்போதே இதை யோசித்திருக்க வேண்டும். கட்டாதவர்கள் இப்போது யோசியுங்கள்.

இது மாற்றிக் கட்டிய கார்களுக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. ஹோண்டாவின் 1.5 லீற்றர் டர்போ எஞ்சினில் குளிர்ப் பிரதேசங்களில் ஒயிலுக்குள் பெற்றோல் கலந்து அளவு ஏறியது. 2018இல் சீனாவில் சிஆர்-வி விற்பனையே சில காலம் நிறுத்தப்பட்டது. தொழிற்சாலை அளவோடு ஓடிய எஞ்சினில் அது. அதே எஞ்சினில் டியூன் போட்டுப் பூஸ்டைக் கூட்டி வைத்திருக்கும் சிவிக்காரர் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் இருப்பது எனக்கு விளங்கவேயில்லை. ஒயில் குறைகிறதா என்று பார்த்துப் பழகியிருக்கிறோம். குளிர்காலத்தில் கூடுகிறதா என்றும் பாருங்கள். கூடியிருந்தால், மணந்து பார்த்தால் பெற்றோல் வாசம் அடித்தால், அது 30 அல்ல. ஐந்து விழுக்காடு அளவில் பெற்றோல் கலந்தாலே ஒரு 30 ஒயில் 20இன் தடிப்புக்கு இறங்கிவிடக்கூடும்.

ஆகவே குளிர்காலத்தில் நீங்கள் எத்தனை டொலர் ஒயில் விடுகிறீர்கள் என்பதைவிட எத்தனை நாளில் மாற்றுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் 8000 கிலோமீற்றர் சொல்லும். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் என் தீர்ப்பு 4000. பத்து நிமிடத் தூரத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர் கிலோமீற்றரைப் பாராமல் ஜனவரி நடுவில் ஒரு முறை மாற்றிவிடுங்கள். கனேடியன் ரயரில் நல்ல செயற்கை ஒயில் அடிக்கடி பாதி விலைக்கு வருகிறது. அப்போது இரண்டு போத்தல் வாங்கி வையுங்கள். விலை கூடிய ரேசிங் ஒயிலை ஒரு வின்டர் முழுக்க ஓட்டுவதைவிட இது எத்தனையோ மேல். ரேசிங் ஒயில் ஓட்டப் போட்டிக்குப் பிறகு ஊற்றிவிடுவதற்கென்று செய்தது. தண்ணீரையும் பெற்றோலையும் கரியையும் மாதக்கணக்கில் சுமக்க அது செய்யப்படவில்லை. மாசத்தில் ஒரு தரம் ஒயிலில் சிறிதெடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் பெற்றோல் எவ்வளவு, பெயரிங் உலோகம் எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டிய எஞ்சினுக்கு இந்தச் சிறு செலவைச் செய்யத் தயங்காதீர்கள்.

எந்தக் கம்பனி நல்லது என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ எஞ்சின் என்றால் ஏபிஐ எஸ்பி என்ற தரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த இந்தத் தரம், குறைந்த சுற்றில் பூஸ்ட் ஏறும்போது முன்கூட்டியே தீப்பற்றிப் பிஸ்டனை உடைக்கும் தொல்லையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்கிறது. அது இருந்தால், எண்கள் சரியாக இருந்தால், போத்தலின் நிறம் எதுவானாலும் சரி.

ஒயிலைச் சுற்றியுள்ள பொருட்களிலும் கண் வையுங்கள். பம்பருக்குப் பின்னால் ஒயில் கூலர் போட்டவர்கள், அதற்குத் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் ஒயில் சூடேறவே ஏறாது. தண்ணீரும் பெற்றோலும் ஆவியாகிப் போகவும் மாட்டா. சுமார் 80 பாகையில் திறக்கும் தெர்மோஸ்டாட் தட்டு ஒன்று போட்டால் போதும். கேட்ச் கேன் போட்டவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிரில் அதற்குள் சேர்வது ஒயில் குறைவு, தண்ணீர் அதிகம். மைனஸ் 15இல் அது உறைந்து குழாயை அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறிச் சீல்களைப் பிதுக்கித் தள்ளும். கடுங்குளிர் வாரங்களில் வாராவாரம் வடித்துவிடுங்கள். மூடியைத் திறந்தால் பாலாடை போல வெள்ளையாய் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஹெட் கஸ்கெட் போய்விட்டது என்று அழவும் வேண்டாம். குறுந்தூர ஓட்டத்தின் ஈரம்தான் பெரும்பாலும். கூலண்ட் குறைகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நாள் நெடுந்தூரம் ஓட்டுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடாக்குகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். அந்த நேரம் முழுக்க எஞ்சின் பெற்றோலைச் சம்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மணிநேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தியபடி எஞ்சினை ஓடவிடக் கூடாது என்று ரொறன்ரோ நகர விதியும் சொல்கிறது. முன்கண்ணாடியைத் துடைக்கும் நேரம் போதும்; பிறகு மெதுவாக ஓட்டிப் போங்கள். கூலண்ட் மானி 90ஐக் காட்டும்போது ஒயில் இன்னும் 50இல்தான் இருக்கும். ஒயிலுக்கென்று தனி வெப்பமானி பூட்டுங்கள்; அது 80ஐத் தொடும்வரை பூஸ்டுக்குப் போகாதீர்கள், 3000 சுற்றைத் தாண்டாதீர்கள். வீட்டில் மின்சார வசதி இருந்தால் பிளாக் ஹீட்டர் போட்டு, புறப்படுவதற்கு இரண்டு மணிநேரம் முன்னால் ஓடும்படி டைமர் வையுங்கள். நான் சொன்ன எந்த ஒயிலும் கொடுக்காத பாதுகாப்பை அது கொடுக்கும்.

காரைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பவர்கள் நிறுத்துவதற்கு முன்னரே ஒயிலை மாற்றுங்கள்; பழைய ஒயிலின் அமிலத்தோடு பெயரிங் நான்கு மாதம் கிடக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து பார்க்கும் பழக்கம் எஞ்சினுக்குக் கேடு. மூடிய வீட்டுக் கராஜுக்குள் அதைச் செய்வது உங்களுக்கும் மேலே உறங்கும் அம்மாவுக்கும் உயிராபத்து. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறேன். கீழ்ப்பாதி மாறாமல் டியூன் மட்டும் போட்டவருக்கு, காரின் கையேடு இடம் கொடுத்தால், 3.5 உள்ள ஐரோப்பியத் தர 5-30. தளர்ந்த கிளியரன்ஸில் முழுதாகக் கட்டியவருக்கு 0-40, கிடைக்காவிட்டால் 5-40. 50க்கென்றே கட்டிய ட்ராக் காரை, கட்டியவர் 40க்குச் சம்மதிக்காவிட்டால், பனி போகும்வரை மூடி வையுங்கள். வேலைக்குப் போக ஒரு பழைய கொரோலா போதும்.

பனி விழுவதற்கு முன்னால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. எஞ்சினைக் கட்டித் தந்தவரிடம் போய், பெயரிங் கிளியரன்ஸையும் பிஸ்டன் கிளியரன்ஸையும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். அளந்து கட்டியவர் தயங்காமல் தருவார். ஒயில் மாற்ற வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்த்து முடிவெடுப்போம்.

அன்புடன்,
ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் உங்கள் அண்ணன் ஒருவன்